பாப்பா தீவு

"பாப்பா தீவுக்குப் போய்வந்தோம்" என்று நாம் சொன்னபோது நண்பர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மற்றப் பாதிப் பேர் நம்மை இரக்கத்துடன் பார்த்தார்கள். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு மாரடித்த மனுஷனுக்கு மூளை சற்றுக் கலங்கித்தான் விட்டது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால், நேயர்களே, அப்படி ஒரு தீவு சத்தியமாக இருக்கிறது. பூகோளப் படத்தில் ஸ்காட்லாந்தின் தலைக்கு மேலே, யாரோ பேனாவை உதறினாற்போலச் சில மைத்துளிகள் தெரிகின்றன அல்லவா? அவைதாம் ஆர்க்னித் தீவுகள். ஏறக்குறைய எழுபது தீவுகள். அவற்றில் மனிதர் வசிப்பவை சுமார் இருபது. அந்த இருபதில், வடக்கு ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு சின்னஞ்சிறு துளிக்குப் பாப்பா வெஸ்ட்ரே என்று பெயர். நீளம் நான்கு மைல். அகலம் ஒரு மைல்தான்.

பெயருக்கும் குழந்தைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பழைய நார்வே பாஷையில் 'பாப்பா' என்றால் கிறிஸ்தவத் துறவி. நார்வேக்காரர்கள் கடல் கடந்து வந்து குடியேறிய காலத்தில் இங்கே துறவிகள் இருந்தபடியால், 'துறவிகளின் பெரிய தீவு' என்று பெயரிட்டார்கள். இதைவிடச் சிறிய துறவித் தீவு ஒன்றும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஆகவே இது பெரிய பாப்பா! உள்ளூர் ஜனங்கள் செல்லமாகப் 'பாப்பே' என்கிறார்கள்.

நம் மைத்துனன் அபர்தீன் நகரத்தில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறான். கோடை விடுமுறைக்கு அவனிடம் போயிருந்த நாமும் நம் இல்லாளும், பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம் இருக்கையில், அவனுடைய யோசனையின் பேரில் இந்தப் பிரயாணத்தை மேற்கொண்டோம். அபர்தீனில் மாலையில் கப்பல் ஏறினால் ஆறு மணி நேரத்தில் ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலில் இறக்கிவிடுகிறார்கள்.

கப்பலில் பொழுது போவதற்காக ஆர்க்னியின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டு போனோம். அதில் ஒரு வேடிக்கை. 1468-ஆம் ஆண்டில் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் அரசனாயிருந்த முதலாம் கிறிஸ்டியன், தன் பெண் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசன் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கொடுக்கச் சம்மதித்தான். சீர் 60,000 ரைன் பொற்காசு என்று பேச்சாயிற்று. சம்பந்திகளிடம் பேசும்போது இருக்கிற தாராளம் பணம் எண்ணும்போது இருப்பதில்லை என்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவம் அன்று போலும்! கையில் காசில்லாத அரசன் 50,000 பொற்காசுக்கு ஆர்க்னித் தீவுகளை அடகு வைத்தான். அடுத்த வருஷம் 8,000 பொற்காசுக்கு ஷெட்லாந்துத் தீவுகளையும் வைத்தான். மீட்கவில்லை. 1472-ல் ஸ்காட்லாந்து எல்லாவற்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று பல முறை கேட்டுப் பார்த்தும் பலிக்கவில்லை. இத்தனை பேச்சு நடந்தபோதும், அந்தத் தீவுகளில் உழுதுகொண்டிருந்தவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

கிர்க்வாலிலிருந்து பாப்பா தீவுக்கு ஆகாய விமானம். எட்டுப் பிரயாணிகள் உட்காரலாம். அவர்களில் ஒருவருக்கு விமானியின் பக்கத்திலேயே ஆசனம். வழியில் வெஸ்ட்ரே என்ற தீவில் இறங்கி ஏறவேண்டும். வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா தீவுக்குச் சுமார் ஒன்றே முக்கால் மைல். 1967 முதல் நடந்துவரும் இந்தச் சவாரிதான் உலகத்திலேயே மிகக் குறுகிய விமானப் போக்குவரத்து. கால அட்டவணையில் இரண்டு நிமிஷம் என்று போட்டிருக்கிறார்கள். காற்று அனுகூலமாயிருந்த ஒரு நாள் 53 விநாடியில் முடிந்திருக்கிறதாம். விமானம் எழும்பியதும் நம் இல்லாள் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்லோகம் சொல்லத் தொடங்கினாள். மூன்றாவது அடிக்கு வருவதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. "மிச்சத்தைத் திரும்பும்போது சொல்லிக்கொள்கிறேன்" என்றாள்.

விமான நிலையம் என்பது புல்வெளி நடுவே ஒரு கொட்டகை, அவ்வளவுதான். வெளியே வந்தால் ஒரே ஒரு பாதை. இரு புறமும் பலகைபோல் பிளந்த கற்களை அடுக்கிய தாழ்ந்த சுவர்கள். அப்பால் மாடுகள், ஆடுகள். அதற்கும் அப்பால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். மரம் என்று சொல்லத் தக்கதாக ஒன்றும் நம் கண்ணில் படவில்லை. உப்புக் காற்று எதையும் தலை தூக்க விடுவதில்லை. நம்முடைய கறுப்புக் குடை கிர்க்வால் துறைமுகத்திலேயே மலர்ந்து, கம்பிகள் மேல்நோக்கி நின்ற கோலத்தை அடைந்துவிட்டது. தூக்கி எறியச் சொன்னாள் இல்லாள். சென்னையில் வாங்கிய குடையை அந்நிய மண்ணில் அநாதையாக விட மனம் வரவில்லை. அது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

தங்குவதற்கும் சாமான் வாங்குவதற்கும் ஒரே இடம். பழைய பண்ணைக் கூலிக்காரர்களின் வரிசை வீட்டைச் செப்பனிட்டு, தீவு ஜனங்களே நடத்தும் கூட்டுறவுச் சங்கம் அங்கே கடையும் விடுதியும் வைத்திருக்கிறது. கடையிலிருந்த அம்மாள் நாம் வாங்கிய உருளைக்கிழங்கையும் பாலையும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு பீடிப் பை போதுமா?" என்று கேட்டாள். நாம் பீடி குடிக்கிற வழக்கமில்லை என்று கௌரவமாகத் தெரிவித்தோம். அந்த அம்மாள் விழிக்க, நாம் விழிக்க, கடைசியில் விஷயம் வெளியாயிற்று. ஆர்க்னிப் பேச்சில் 'பீடி' என்றால் சின்னது என்று அர்த்தம். பீடி வீடு, பீடி நாய்க்குட்டி, பீடிக் குழந்தை எல்லாம் அங்கே உண்டு.

அன்று இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் கடலில் இறங்கினான். இறங்கினானே தவிர இருட்டவில்லை. பதினொரு மணிக்கு ஜன்னல் ஓரத்தில் நின்று கடிதம் எழுத முடிந்தது. மோட்டார் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஆனால் நிசப்தம் என்று சொன்னால் பறவைகள் நம்மேல் வழக்குத் தொடரும். சிப்பி கொத்தித் தின்னும் கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று இரவெல்லாம் சீழ்க்கை அடிக்கிறது. இதற்கிடையில் வானத்திலிருந்து ஓர் ஆடு கத்தியது! "ஆடு எப்படி மேலே போயிற்று?" என்றாள் இல்லாள், எழுந்து உட்கார்ந்து. அது ஆடு அல்ல, உள்ளான் குருவி. ஆண் உள்ளான் உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாயும்போது, விரிந்த வால் இறகுகளில் காற்றுப் பட்டு அந்த ஓசை எழுகிறது. மறுநாள் விசாரித்து அறிந்தோம். அன்று இரவு அறியாமையாலேயே சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் மேற்குக் கரைக்கு நடந்தோம். 'நாப் ஆப் ஹோவர்' என்ற இடம். புல் மூடிய மேட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கல் வீடுகள். நடுவே ஒருவர் குனிந்து போகும்படியான சிறு வழி. கூரை போய்விட்டது, சுவர்கள் சுமார் ஐந்தடி உயரத்துக்கு நிற்கின்றன. கி.மு. 3700 வாக்கிலேயே இங்கே ஜனங்கள் குடியிருந்திருக்கிறார்கள். எகிப்து தேசத்தின் பெரிய பிரமிடுகள் இதற்கு ஆயிரம் வருஷம் இளையவை. வடக்கு ஐரோப்பாவில் இன்று நிற்கும் வீடுகளில் மிகப் பழமையானவற்றுள் இது ஒன்று. காவலாளி இல்லை, கட்டணம் இல்லை, கயிறு கட்டித் தடுக்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நேராக உள்ளே போய்விட்டோம்.

அடுப்பு இருந்த இடம், கல் அலமாரி, நட்டு நிறுத்திய தடுப்புக் கற்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்த நம் இல்லாள், உள் அறையில் ஒரு கல்லருகே நின்றுவிட்டாள். தேய்ந்து தேய்ந்து நடுவே குழிந்த கல். "அம்மி!" என்றாள். தானியம் அரைத்த கல்தான். குனிந்து அதன் பள்ளத்தில் கையை வைத்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

இவர்கள் மாடு ஆடு வளர்த்தார்கள், வாற்கோதுமை விதைத்தார்கள், மீன் பிடித்தார்கள். குப்பை மேட்டைத் தோண்டி ஆராய்ந்தவர்கள் எலும்புகளைக்கூட வகை பிரித்திருக்கிறார்கள். அந்த எலும்புகளில் 'பெரிய ஆக்' என்ற பறவையின் எலும்பும் இருந்தது. இந்தப் பெயரை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிழக்கே ஓர் ஏரி இருக்கிறது. அதன் ஓரத்தில் திரிடுவானா என்ற புனித மாதின் கோவில் இடிந்து கிடக்கிறது. அரசன் ஒருவன் அவளுடைய கண்களின் அழகில் மயங்கி விடாமல் துரத்தவே, அந்தக் கண்களையே பிடுங்கி அவனுக்கு அனுப்பிவிட்டாளாம். கண் நோய்க்காரர்கள் வெகு காலம் இங்கே யாத்திரை வந்திருக்கிறார்கள். சமயச் சீர்திருத்தம் வந்த பிறகும் பாதிரிமார்களால் அதை எளிதில் நிறுத்த முடியவில்லை. நமக்குக் காளஹஸ்திக் கண்ணப்பர் நினைவு வராமல் இருக்குமா? அவர் அன்பினால் கண்ணைக் கொடுத்தார். இந்த அம்மாள் அன்பின் தொல்லை தாங்காமல் கொடுத்திருக்கிறாள்.

ஹாலந்து என்ற பெரிய பண்ணை தீவின் நடு மேட்டில் இருக்கிறது. டிரெய்ல் என்ற ஜமீன் குடும்பத்தார் பல தலைமுறை அங்கிருந்து தீவை ஆண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியிலும் அதற்கு அப்பாலும் கடற்பாசியைச் சுட்டுச் சாம்பலாக்கி, கண்ணாடிக்கும் சவுக்காரத்துக்கும் விற்பது ஆர்க்னி ஜமீன்தார்களுக்குப் பெரும் லாபம் தந்த தொழில். பாசியை வாரியதும் புகையில் நின்றதும் குடியானவர்கள். லாபம் போன இடத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள்தான் முக்கியமான நாள். தீவின் வடக்குப் பாகம் முழுவதும் வட குன்று என்ற தரிசு நிலம். பறவைப் பாதுகாப்புக்கான ராயல் சங்கத்தின் மேற்பார்வையில் இருக்கிறது. 1889-ல் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் பெண்கள். தொப்பியில் இறகு செருகிக்கொள்வதற்காக லட்சக்கணக்கான பறவைகள் கொல்லப்பட்ட காலத்தில், இறகுத் தொப்பியைப் பகிஷ்காரம் செய்வது என்று அவர்கள் சபதம் எடுத்துக்கொண்டார்கள். பகிஷ்காரத்தின் வலிமை நாம் அறியாததா?

சங்கத்தின் காவலரான இளைஞர் ஒருவர் நம்மை அழைத்துப் போனார். குட்டைப் புல்லுக்கு நடுவே மண்டியிட்டு ஒரு பூவைக் காட்டினார். சுண்டு விரல் உயரம்கூட இல்லை. ஊதாவும் சிவப்பும் கலந்த இதழ்கள். நடுவே மஞ்சள் பொட்டு. ஸ்காட்லாந்துப் பிரிமுலா என்ற இந்தச் செடி, ஆர்க்னியிலும் எதிர்க்கரையில் ஸ்காட்லாந்தின் வட ஓரத்திலும் தவிர உலகத்தில் வேறெங்கும் முளைப்பதில்லை. நாம் அதன்மேல் காலை வைக்க இருந்தோம்!

அப்பால்தான் யுத்தம் ஆரம்பமாயிற்று. வடதுருவ ஆலா என்னும் பறவைகள் அங்கே வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. வெள்ளை உடல், கறுப்புக் குல்லா, இரத்தச் சிவப்பு அலகு. எடை நம் கைக்கடிகாரத்தைவிட அதிகம் இராது என்று தோன்றும். இவை வருஷந்தோறும் இங்கே குஞ்சு பொரித்துவிட்டு, தென் துருவத்துப் பனிக் கடல் வரை பறந்து போய், மறுபடி திரும்பி வருகின்றன. அத்தனை தூரம் வந்த பறவை, சென்னை வாத்தியார் ஒருவரைக் கண்டு பயப்படுமா? கீச்சென்று கத்திக்கொண்டு நேரே தலையில் கொத்த வந்தது. ஒன்று, இரண்டு, இருபது! "உயரமான எதையாவது பிடியுங்கள்; எது உயரமோ அதைத்தான் தாக்கும்" என்றார் காவலர். நம் எலும்புக்கூட்டுக் குடை உயர்ந்தது. கம்பி கம்பியாய் அவை கொத்த, கீழே நம் தலை தப்பியது. இல்லாள் குடையை ஒரு பார்வை பார்த்தாள். எறியச் சொன்ன பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

"முன்பெல்லாம் ஆயிரக்கணக்கில் வரும், அப்போது வந்திருந்தால் இந்தக் குடை போதாது" என்றார் அவர். அவர் சிரிக்கவில்லை. ஆலாக்கள் குஞ்சுகளுக்கு ஊட்டுவது, மணலில் புதைந்து வாழும் விரல் நீளச் சிறு மீன். மணல் விலாங்கு என்பார்கள். கடல் சூடேறி வருவதாலும், தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் என்று அதைக் கப்பல் கப்பலாக வாரியதாலும் பல வருஷங்களில் குஞ்சுகள் பட்டினி கிடந்து செத்தன. 2024 மார்ச் முதல் ஸ்காட்லாந்துக் கடல் முழுவதிலும் அந்த மீனைப் பிடிக்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் கூடுகளை எண்ணி எழுதி வைக்கிறார்கள்.

குன்றின் கிழக்குக் கரையில் 'பௌல் கிரேக்' என்ற பாறைச் சரிவு. பறவைப் பாறை என்று பொருள். அங்கே ஒரு சிறு நினைவுச் சின்னம் இருக்கிறது. மனிதருக்கு எழுப்பியது அல்ல.

பெரிய ஆக் என்பது சுமார் இரண்டரை அடி உயரமுள்ள பறவை. நிமிர்ந்து நிற்கும், பறக்கத் தெரியாது, கடலில் அதற்கு நிகர் கிடையாது. வருஷத்துக்கு ஒரே முட்டை. ஒரு காலத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தின் வட பாகமெங்கும் லட்சக்கணக்கில் இருந்தது. நியூபவுண்லாந்துக் கரையோரத் தீவுகளில் மாலுமிகள் இறைச்சிக்கும், பிறகு மெத்தை அடைக்கும் இறகுக்குமாக அடித்தே தீர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது பாப்பா தீவில் ஒரு ஜோடி மிஞ்சியிருந்தது. தீவு ஜனங்கள் அவற்றை ஆக் பறவைகளின் ராஜா, ராணி என்று அழைத்தார்கள்.

ராணி கல்லடி பட்டுச் செத்தது. 1812-ல் புல்லக் என்ற கனவான் வந்தார். லண்டனில் பொருட்காட்சிசாலை வைத்திருந்தவர். அவருக்கு ராஜா வேண்டியிருந்தது. ஆறு துடுப்புப் படகில் பல மணி நேரம் துரத்தினார். ராஜா முழுகி, வேறிடத்தில் எழுந்து, மறுபடி முழுகிப் போக்குக் காட்டிவிட்டது. கனவான் வெறுங்கையோடு ஊர் போனார். மறு வருஷம், 1813-ல், உள்ளூர்க்காரர் ஒருவரே அதைச் சுட்டு அவருக்கு அனுப்பிவைத்தார். 1819-ல் புல்லக்கின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது பிரிட்டிஷ் மியூசியம் அதை வாங்கிற்று. வைக்கோல் அடைத்த ராஜா இன்றும் லண்டன் இயற்கைப் பொருட்காட்சிசாலையாரின் வசத்தில் இருக்கிறது. உலகத்தின் கடைசி ஜோடி என்று நம்பப்படுவது 1844 ஜூன் மாதம் ஐஸ்லாந்துக்கு அருகே ஒரு பாறையில் கொல்லப்பட்டது, அதுவும் சேகரிப்பவர்களுக்காகத்தான்.

அம்மி வைத்திருந்த அந்தப் பழைய வீட்டார் இந்தப் பறவையைத் தின்றார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தின்றிருப்பார்கள். ஐயாயிரம் வருஷம் தின்றும் இந்தப் பாறையில் மிஞ்சியது, அருமையான பொருள் என்று பெயர் வாங்கியதும் இல்லாமற் போயிற்று. பாறையில் வேறு பறவைகள் நெருக்கியடித்துக்கொண்டு இரைந்துகொண்டிருந்தன. நாம் அங்கே வெகு நேரம் நின்றோம். காற்று குளிர்ந்தது, இல்லாள்தான் நம்மை இழுத்து வந்தாள்.

அன்று மாலை கடை அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் சொன்னது பறவைகளைப் பற்றியல்ல, மனிதர்களைப் பற்றி. 1881-ல் தீவின் ஜனத்தொகை 345. 1961-ல் 139. 2001-ல் 65. கடை மூடும், பள்ளிக்கூடம் மூடும், கப்பல் நிற்கும் என்ற பயம் 1970-களிலேயே வந்துவிட்டது. அப்போதுதான் தீவார் பணம் போட்டுக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். குடும்பங்கள் வெளியிலிருந்து வந்து குடியேற வகை செய்தார்கள். 2011-ல் கணக்கு எடுத்தபோது 90 பேர். "இருபத்தைந்து பேர் அதிகம்!" என்று அவள் சொன்ன தோரணையில், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லியே எண்ணியிருப்பாள் என்று பட்டது.

பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காமல் வர வாத்தியாருக்கு மனம் வருமா? பிள்ளைகளை ஒரு கை விரல் விட்டு எண்ணிவிடலாம். நமக்கு ஒரு வகுப்புக்கு நாற்பத்தைந்து. அந்த ஆசிரியை நம்முடைய எண்ணைக் கேட்டுப் பொறாமைப்பட்டாள். நாம் அவளுடைய எண்ணைக் கேட்டுப் பொறாமைப்பட்டோம். "ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போனால் என் பள்ளிக்கூடத்தில் பாதி போய்விடும்" என்று அவள் சொன்னபோதுதான் நம் பொறாமை அடங்கியது. தஞ்சை ஜில்லாவில் நாம் அரிச்சுவடி படித்த கிராமப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லாமல் பூட்டுத் தொங்குகிறது. ஊரை விட்டுப் போனவர்களில் நாமும் ஒருவர். அதை அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை விமானத்தில் நம்மோடு பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஏறினாள். உயர்ந்த வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் கிர்க்வாலில் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். தாயார் கொட்டகை வாசலில் நின்று கையை ஆட்டினாள். விடுமுறையில் காவலரோடு ஆலாக் கூடு எண்ணப் போகிறவளாம் இந்தப் பெண். படிப்பு முடிந்தபின் தீவுக்கே திரும்பி வருவாயா என்று வாத்தியார் புத்தியோடு கேட்டுவைத்தோம்.

"வேலை கிடைக்க வேண்டும். வீடும் கிடைக்க வேண்டும், ஸார்" என்றாள். பிறகு சற்று யோசித்து, "வீடு கிடைப்பதுதான் கஷ்டம்" என்றாள்.

நம் இல்லாள் கைப்பையைத் துழாவி, மிச்சமிருந்த முறுக்குப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தாள். அவள் ஒன்றை எடுத்துக் கடித்து, அது என்ன என்று கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் விமானம் வெஸ்ட்ரேயில் இறங்கிவிட்டது.